சப்-கொன்ட்ராக்ட் கிளைம்பரின் கயிறு, ஹார்னஸ், செயின்சா: பொறுப்பு ஆருக்கு?

மரவேலை_ஹரோ:

வணக்கம். வடமேற்கு லண்டனில் மரம் வெட்டி, கொப்புக் கழிக்கிற சின்னக் கம்பனி. நிலத்தில் நிண்டு வேலை செய்யிற இரண்டு பெடியள் சம்பளத்துக்கு இருக்கினம். மரத்தில் ஏற ஒரு கிளைம்பர், நாளுக்கு இவ்வளவு எண்டு பேசி, கிழமைக்கு மூண்டு நாள் வாறார். சுயதொழில் எண்டு பதிஞ்சிருக்கிறார், இன்வொய்ஸ் தருவார். ஹார்னஸ் (உடம்பில் கட்டுற பாதுகாப்புப் பட்டி), ஏறுற கயிறு, டொப் ஹான்டில் சா (மேல கைபிடி உள்ள சின்னச் செயின்சா) எல்லாம் அவருடையது. லொறி, சிப்பர் (கொப்பு அரைக்கிற மெஷின்), ரிக்கிங் கயிறு (வெட்டின கொப்பை இறக்கிற கயிறு), புளொக் (கப்பி), பெரிய செயின்சா எங்களுடையது.

அவருடைய ஹார்னசுக்கும் கயிறுகளுக்கும் லோலர் ரிப்போர்ட் (தூக்கும் சாமான் விதிகளின்படி செய்யிற பரிசோதனை அறிக்கை) கேட்டால் "என்ரை சாமான், என்ரை பொறுப்பு" எண்டுறார். அது சரியோ? எங்கட ரிக்கிங் சாமானை அவர் பாவிக்கேக்கை பொறுப்பு ஆருக்கு? செயின்சா காற்சட்டை நாங்கள் குடுக்க வேணுமோ? கீழ நிக்கிற பெடியன் தவறுதலா அவருடைய கயிற்றை வெட்டிப் போட்டால் காசு ஆர் குடுக்கிறது?

கயிறும்_கொப்பும்:

அவர் சொல்வது பாதிதான் சரி. 1998 லோலர் விதிகள் சுயதொழில் செய்பவரையும் கட்டுப்படுத்தும். ஆளைத் தாங்கும் சாமான் எதுவானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தகுதியுள்ள ஒருவர் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும், அதைச் செய்விப்பது அவர் கடமை. ஆனால் அதே விதிகளில் ஒன்பதாவது, வேறொருவரிடமிருந்து வரும் சாமான் உங்கள் வேலையில் பயன்படும்போது கடைசிப் பரிசோதனை நடந்ததற்கான சான்று அதோடு கூடவே இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ரிப்போர்ட் கேட்பது உங்கள் கடமை. காட்டாதவரை ஏற விட வேண்டாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் திகதியை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். அதில் உள்ள சீரியல் நம்பர்களை ஹார்னஸ், கயிறு, லன்யார்ட் (மரத்தோடு பிணைக்கும் குட்டைக் கயிறு), ஒவ்வொரு கரபினர் (பூட்டும் கொளுக்கி) என்று சாமானோடு ஒப்பிடுங்கள். உயரத்தில் மரம் வெட்டுவது பற்றி 2020 இல் வந்த தொழில்துறை நடைமுறைக் கோவையின் இரண்டாம் பதிப்புக்குப் பிறகு, தனித்தனி நங்கூரத்தில் இரண்டு கயிறு என்பதே வழக்கம். இரண்டாவது செட்டைப் பிறகு வாங்கியிருப்பார்கள், ரிப்போர்ட்டில் முதல் செட் மட்டும் இருக்கும். புதுச் சாமான் என்றால் 12 மாதத்துக்குள் தேதியிட்ட உற்பத்தியாளரின் இணக்கச் சான்றிதழ் போதும், ஆனால் அந்தத் தாளும் கையில் இருக்க வேண்டும்.

பரிசோதனையில் அடிக்கடி தேறாமல் போபவை: வாசிக்க முடியாத லேபிள், தேய்ந்த ஹார்னஸ் பிரிட்ஜ் (ஏறும் கயிறு மாட்டும் முன்பக்கக் கயிறு), பிசினும் மரத்தூளும் பிடித்து தானாகப் பூட்டாத கரபினர். உராய்வு முடிச்சுக்கான கயிறு வெப்பத்தில் மினுங்கி இறுகிவிட்டால் ஆறு மாதம் காத்திருக்காமல் அன்றே மாற்ற வேண்டும். கயிற்றின் தடிப்பும் முக்கியம். கயிற்றைப் பிடித்து ஏறி இறங்க உதவும் ஸிக்ஸாக் போன்ற கருவி 11.5 முதல் 13 மி.மீ. கயிற்றுக்குத்தான். ஒருவரின் கருவியை இன்னொருவரின் கயிற்றில் போடும்போது பிழை நடப்பது இங்கேதான்.

உங்கள் ரிக்கிங் சாமான் உங்கள் பொறுப்பு, ஏறுபவர் எந்த வகைப் பதிவில் இருந்தாலும். ஸ்லிங், ஷக்கிள், புளொக் போன்ற துணைக்கருவிகளுக்கு ஆறு மாதம், வின்ச்சுக்குப் பன்னிரண்டு மாதம். கொப்பு விழுந்து கயிறு உதறி இழுத்திருந்தால் தவணை வரும்வரை பாராமல் ஒதுக்கி வைத்துப் பரிசோதிக்க வேண்டும். ரிக்கிங் சாமானுக்கும் ஏறும் சாமானுக்கும் வேறு நிற டேப் சுற்றி, வேறு பையில் வையுங்கள். பாரம் இறக்கிய கரபினரை ஆள் தொங்கும் இடத்தில் போடவே கூடாது.

சிப்பரும் பெரிய செயின்சாவும் பியூவர் (வேலைக் கருவிகள் பற்றிய) விதிகளுக்குள் வரும், பராமரிப்பு உங்களுடையது. காலையில் சிப்பரின் பாதுகாப்புக் கம்பியைத் தள்ளிப் பாருங்கள், ரோலர் உடனே நிற்க வேண்டும். செயின்சாவில் செயின் பிரேக், செயின் கட்சர், த்ராட்டில் பூட்டு மூன்றையும் பாருங்கள். இன்னொன்று: டொப் ஹான்டில் சா மரத்தில் பயிற்சி பெற்றவர் பாவிப்பதற்கு மட்டும். கீழே நிற்கும் உங்கள் பெடியன் அதை எடுத்து நிலத்தில் கொப்பு வெட்டினால், சா கிளைம்பருடையதாக இருந்தாலும் ஊழியர் உங்களுடையவர். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பொலிசி_பார்க்கிறவர்:

இன்சூரன்ஸ் பக்கத்தைச் சொல்கிறேன், இதில் பலர் சறுக்குகிறார்கள். காப்புறுதிக் கம்பனிகள் சப்-கொன்ட்ராக்டரை இரண்டாகப் பிரிக்கும். உங்கள் மேற்பார்வையில், உங்கள் இயந்திரத்தோடு, உழைப்பை மட்டும் தருபவர் ஒரு வகை. முழு வேலையையும் விலைபேசி எடுத்து, தன் ஆட்கள், தன் சிப்பர், தன் காப்புறுதியோடு வருபவர் மற்ற வகை. நீங்கள் விவரிப்பவர் முதல் வகை. அவரைப் பொதுவாக ஊழியர் போலவே கணக்கிடுவார்கள். அவருக்குக் கொடுக்கும் தொகையை எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி (ஊழியர் காயப்பட்டால் ஈடு கொடுக்கும்) பொலிசியில் சம்பளத் தொகையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் காப்புறுதியைக் கட்டாயமாக்கும் 1969 சட்டப்படி குறைந்தபட்சம் 5 மில்லியன் பவுண், இல்லாமல் ஆள் வைத்தால் நாளுக்கு 2,500 பவுண் வரை அபராதம்.

"சுயதொழில்" என்ற பதிவு நீதிமன்றத்தில் கேடயம் ஆகாது. 1995 இல் லேன் எதிர் ஷயர் ரூஃபிங் வழக்கில், வரிக்குச் சுயதொழிலாளராக இருந்த கூரை வேலைக்காரர் ஏணியிலிருந்து விழுந்தார். பாதுகாப்புக் கடமையைப் பொறுத்தவரை அவர் ஊழியரே என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரவேலைக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி தேவையில்லை.

வெட்டுப்பட்ட கயிறு: வெட்டியவர் உங்கள் ஊழியர் என்றால் அவருடைய கவனக்குறைவுக்கு நீங்கள் பொறுப்பு. கயிற்றின் விலை பெரும்பாலும் பொலிசியின் எக்ஸெஸுக்குள் (நீங்களே முதலில் ஏற்க வேண்டிய தொகைக்குள்) அடங்கிவிடும், க்ளெய்ம் போடாமல் நீங்களே கொடுத்துவிடுவது நல்லது. பெடியனின் சம்பளத்தில் கழிக்க நினைத்தால், சம்பவத்துக்கு முன்பே அவர் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும்.

கணக்கு_அக்கா:

தம்பி, எச்எம்ஆர்சி (வரித் திணைக்களம்) விஷயத்தையும் இப்பவே பாருங்கோ. சொந்த ஹார்னசும் சாவும் கொண்டு வாறது இந்தத் தொழிலில் வழக்கம், அது மட்டும் சுயதொழிலுக்குச் சாட்சி ஆகாது. கேள்விகள் இவைதான்: தனக்குப் பதிலா இன்னொரு கிளைம்பரை அனுப்பலாமோ? பிழையா வெட்டினால் தன் செலவில் திருத்துவாரோ? எந்த நாள், எத்தனை மணி எண்டு தீர்மானிக்கிறது ஆர்? வேறு கம்பனிகளுக்கும் வேலை செய்யிறாரோ? நிலையான நாள் கூலி, உங்கட லொறியில் வந்து இறங்குறது, மாற்று ஆள் இல்லை எண்டால் அது ஊழியர் பக்கம் சாயும். செஸ்ட் எண்ட எச்எம்ஆர்சியின் இணையக் கருவியில் உண்மையான பதில்களைப் போட்டு, முடிவை அச்சடிச்சு வையுங்கோ. பிறகு ஊழியர் எண்டு முடிவானால், கட்டாத வரியும் நாஷனல் இன்சூரன்சும் முதலில் உங்களிட்டத்தான் கேட்பினம்.

காற்சட்டை: ஊழியருக்குப் பாதுகாப்பு உடையை இலவசமாகக் குடுக்க வேணும், காசு கழிக்க ஏலாது. 2022 ஏப்ரல் 6 முதல் அது ஊழியருக்கும் சுயதொழிலாளருக்கும் இடைப்பட்ட "வேர்க்கர்" நிலையில் இருக்கிறவருக்கும் பொருந்தும், உங்கட ஆள் அதுக்குள்ள வர நிறைய இடமிருக்கு. உண்மையான சுயதொழிலாளர் தானே வாங்க வேணும். எண்டாலும் வேலை நடக்கிற இடத்தில் மற்றவரின் பாதுகாப்பும் 1974 வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கட கடமை, கிழிஞ்ச காற்சட்டையோட ஏறினால் நிற்பாட்ட வேணும்.

கட்டட வேலைக்காக நிலம் துப்புரவாக்க மரம் வெட்டினால் சிஐஎஸ் (கட்டடத் தொழில் சப்-கொன்ட்ராக்டருக்குக் குடுக்கிற காசில் வரி பிடிக்கிற திட்டம்) கழிவு வரும்: பதிவு இருந்தால் 20 வீதம், இல்லாட்டி 30.

மரவேலை_ஹரோ:

எல்லாருக்கும் நன்றி. அவரை இனிச் சம்பளத்துக்கு எடுக்கிறதெண்டே யோசிக்கிறன். ஒரு கேள்வி மிச்சம்: மேல ஆள் மாட்டுப்பட்டால் இறக்குற சாமான் ஆர் கொண்டு வர வேணும்?

கயிறும்_கொப்பும்:

அதை ஏற்பாடு செய்வது நீங்கள். ஆள் ஏறும் ஒவ்வொரு இடத்திலும் மீட்கத் தகுதியுள்ள இன்னொருவர் கீழே இருக்க வேண்டும், அவருக்கென்று தனி ஹார்னஸ், கயிறு, மீட்புச் சாமான் பிரித்து வைத்துத் தயாராக இருக்க வேண்டும். கிளைம்பர் போட்டிருக்கும் சாமான் மீட்பவருக்கு உதவாது, அது மாட்டுப்பட்டவரோடு மேலே இருக்கும். உங்கள் இரண்டு பெடியளில் ஒருவருக்காவது மரம் ஏறலுக்கும் மேலிருந்து மீட்பதற்குமான சான்றிதழ் (தொழிலில் சிஎஸ்38 என்பார்கள்) எடுத்துக் கொடுங்கள். அதுவரை ஏறும் நாட்களுக்கு இரண்டாவது கிளைம்பர் வேண்டும். அவருடைய லோலர் ரிப்போர்ட்டையும் முதல் நாளே வாங்கி, சீரியல் நம்பரை ஒப்பிட்டு, ஒரு பிரதியை லொறியில் வையுங்கள்.