550 கிலோ ரேஸ் காருக்கு எந்த டிரெய்லர்? பிரேக் இல்லாதது போதுமா?

கோவைத்தம்பி, மில்டன் கீன்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் பழைய கேட்டர்ஹாம் செவன் ஒன்று வாங்கினேன். முழுக்க ரேஸ் கார், ரோட்டுக்குப் பதிவு கிடையாது. ஸ்னெட்டர்டன், மாலரி பார்க் மாதிரி ரேஸ் டிராக்குக்குப் போகணும்னா டிரெய்லரில்தான் ஏற்றணும். டேங்க்கில் பெட்ரோலோட கார் 550 கிலோ. இழுக்கப்போவது என் ஸ்கோடா எஸ்டேட், அதோட சொந்த எடை 1,340 கிலோ.

மூன்று டிரெய்லர் பார்த்து வெச்சிருக்கேன், எல்லாமே செகண்ட் ஹேண்ட், திறந்த வகை. முதலாவது பிரேக் இல்லாத ஒற்றை ஆக்சில், சக்கரம் ஓடற ரெண்டு தடம் மட்டும்தான், தளம் கிடையாது. 210 கிலோ. விலை ரொம்பக் குறைவு. இரண்டாவது பிரேக் உள்ள ஒற்றை ஆக்சில், 340 கிலோ. மூன்றாவது இரட்டை ஆக்சில், முழுத் தளம், 480 கிலோ.

எடை குறைவா இருந்தால் நல்லதுன்னு முதலாவதுக்கே மனசு போகுது. விற்கிறவரும் "750 கிலோ வரைக்கும் பிரேக்கே வேண்டாம்"னு சொல்றார். வீட்டுப் பக்கச் சந்து 2.1 மீட்டர் அகலம்தான், கையால தள்ளித்தான் உள்ளே கொண்டுபோகணும். என் லைசென்ஸ் 2015இல் எடுத்தது. இதுவரை எதையும் இழுத்ததில்லை. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

பழைய ஸ்பேனர், கேம்பிரிட்ஜ்ஷர்:

தம்பி, முதலாவதை விட்டுடுங்க. ஏன்னு கணக்கோட சொல்றேன்.

210 + 550 = 760. அங்கேயே 750ஐத் தாண்டியாச்சு. ஆனா விற்கிறவர் சொன்னது பாதி விதிதான். பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவுக்குள்ளே இருக்கணும், கூடவே இழுக்கிற காரோட சொந்த எடையில் பாதிக்குள்ளேயும் இருக்கணும். ரெண்டில் எது குறைவோ அதுதான் உங்க வரம்பு. உங்க காருக்கு அது 670. காரைக் கட்டற பட்டை, ஸ்பேர் சக்கரம் எல்லாம் சேர்த்தா நீங்க நூறு கிலோவுக்கு மேலே தாண்டி நிற்பீங்க.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 1997க்கு அப்புறம் கார் லைசென்ஸ் எடுத்தவங்க பெரிய டிரெய்லர் இழுக்கத் தனியா ஒரு டெஸ்ட் ஓட்டிக் காட்டற காலம் 2021 டிசம்பர் 16ஓட முடிஞ்சது. இப்போ 3,500 கிலோ வரைக்கும் சாதாரண லைசென்ஸே போதும். ஆனா லைசென்ஸ் விடுதுங்கறதுக்காகக் கார் இழுத்துடாது. பானட்டுக்குள்ளேயோ கதவு நிலையிலேயோ ஒரு சின்னத் தட்டு இருக்கும், நாலு எண் வரிசையா. முதல் எண் காரோட உச்ச எடை, இரண்டாவது காரும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிச்சுப் பாருங்க. வர்றதுதான் நீங்க இழுக்கக்கூடியது. அந்த எண்ணை இங்கே போடுங்க.

இரண்டாவது டிரெய்லரில் 340 + 550, மற்ற சாமான் 20ன்னு வெச்சா 910 கிலோ. புதுசா இழுக்கறவங்களுக்குக் காரவான் (சக்கரம் வெச்ச வீடு) இழுக்கறவங்க சொல்ற கணக்கு ஒண்ணு உண்டு: இழுபடறது இழுக்கிற காரோட எடையில் 85 சதவீதத்துக்குள்ளே இருக்கட்டும். உங்களுக்கு அது 1,139. நிறைய இடம் இருக்கு. மூன்றாவதும் அதுக்குள்ளேதான் வரும், ஆனா இரட்டை ஆக்சிலைக் கையால திருப்பறது பெரிய பாடு. நாலு டயரும் தரையைத் தேய்ச்சுக்கிட்டு நிற்கும், சந்துக்குள்ளே வளைக்க ரெண்டு பேர் வேணும். பஞ்சரானா இரட்டை ஆக்சில் காப்பாத்தும், நெடுஞ்சாலையில் ஆடாம வரும், அதை மறுக்கலை. இருந்தாலும் உங்க காருக்கும் உங்க சந்துக்கும் பிரேக் உள்ள ஒற்றை ஆக்சில்தான் சரி.

எடையைவிட நான் அதிகம் பார்க்கறது, எடை எங்கே உட்காருதுன்னுதான். எனக்கு நடந்ததைச் சொல்றேன். இரண்டாவது வருஷம் கேட்வெல் பார்க் போயிட்டுத் திரும்பும்போது மழை டயர் நாலையும் டிரெய்லரோட வால் பக்கம் கட்டிட்டேன். இரட்டைச் சாலையில் ஒரு இறக்கம், 55 மைல் வேகம். முதல்ல கண்ணாடியில் ரேஸ் காரோட மூக்கு லேசா இடமும் வலமும் தெரிஞ்சது. அடுத்த நொடி என் காரோட பின்பக்கத்தையே பிடிச்சு உலுக்குது. ஸ்டியரிங்கை நேரா பிடிச்சு, பிரேக்கைத் தொடாம, ஆக்சிலரேட்டரை மட்டும் மெல்ல விட்டேன். 40க்கு வந்ததும் அடங்கிச்சு. அடுத்த ஒதுங்கிடத்தில் நிறுத்தி, நாலு டயரையும் கார் டிக்கிக்குள்ளே மாத்தின பிறகுதான் கை நடுக்கம் நின்னது.

அன்னிக்கிருந்து கொக்கியில் அழுத்தற எடையை அளக்காம கிளம்பறதில்லை. குளியலறைத் தராசு போதும். அதன் மேலே சரியான உயரத்துக்கு ஒரு மரத்துண்டு நிறுத்தி, கப்ளிங்கை, அதாவது கார் கொக்கியில் மாட்டற டிரெய்லர் மூக்கு நுனியை, அதில் இறக்கி எண்ணைப் படிங்க. 910 கிலோவுக்கு 60 முதல் 65 வரைக்கும் வரணும். உங்க டோ பார் (காரோட பின்னால் கொக்கியைத் தாங்கற கம்பி) தட்டில் ஒரு வரம்பு போட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. குறைஞ்சா காரை ரெண்டு அங்குலம் முன்னே ஏத்துங்க, கூடினா பின்னே தள்ளுங்க. சரியான இடம் கிடைச்சதும் தடத்தில் ஒரு கட்டையை போல்ட் போட்டு நிறுத்திடுங்க. அப்புறம் ஒவ்வொரு தடவையும் முன் சக்கரம் அதில் வந்து முட்டினாப் போதும்.

---

நார்த்தாம்ப்டன் மாமா:

நான் மூணு வருஷம் பிரேக் இல்லாததில்தான் இழுத்தேன், ஒண்ணும் ஆகலை. எல்லாரும் ரொம்பப் பயமுறுத்தறாங்க. பணத்தை டயருக்கு வெச்சுக்கோங்க.

---

பழைய ஸ்பேனர்:

மாமா, உங்க கார் எவ்வளவு எடை, எதில் இழுத்தீங்கன்னு தெரியலை. வரம்புக்குள்ளே இருந்திருக்கலாம். தம்பியோட கணக்கு வரம்புக்கு வெளியே நிற்குது. ஈர ரோட்டில் முன்னால் போறவர் சட்டுனு நின்னா 760 கிலோவையும் சேர்த்து நிறுத்த வேண்டியது அந்த ஸ்கோடாவோட நாலு பிரேக் மட்டும்தான். அதை நான் அவருக்குச் சொல்ல மாட்டேன்.

---

லெஸ்டர் அக்கா:

வீட்டுக்காரர் ஓட்டறார், ஏத்தி இறக்கிக் கட்டறது என் வேலை. ரெண்டு விஷயம் சொல்லணும்.

செவன் காரோட வயிறு ரொம்பத் தாழ்வு. தளம் 45 சென்டிமீட்டர் உயரம், சாய்வுப் பலகை ஒண்ணரை மீட்டர்னா சம்ப் (என்ஜினுக்கு அடியில் இருக்கற ஆயில் தொட்டி) விளிம்பில் இடிக்கும். பலகை ரெண்டு மீட்டருக்குக் குறையாம இருக்கணும். வாங்கப் போகும்போது காரையே கொண்டுபோக முடியாது, அதனால சம்புக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவுன்னு அளந்து எழுதிட்டுப் போங்க. நாங்க மூக்குக்குக் கீழே இருக்கற சின்ன ஜாக்கி சக்கரத்தைச் சுத்தி இறக்கி டிரெய்லரோட மூக்கைத் தூக்கிடுவோம், பின்பக்கம் தாழும். டிரெய்லரைக் கார் கொக்கியிலிருந்து கழட்டாம, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துட்டுத்தான் இதைச் செய்யணும்.

கட்டறதுக்குச் சக்கரத்து மேலே போடற பட்டைதான். விஷ்போனில் (சக்கரத்தைத் தாங்கற சஸ்பென்ஷன் குழாய்) கொக்கி மாட்டினா சஸ்பென்ஷன் ஆடும்போதெல்லாம் பட்டை தளரும், குழாயும் வளையலாம். டயரைப் பிடிச்சா கார் தன் ஸ்பிரிங்கில் தானே ஆடிக்கும். கிளம்பி அஞ்சு மைல் தாண்டினதும் நிறுத்தி பட்டையை இறுக்கற நாலு ராட்செட்டையும் இன்னொரு பல் இறுக்குங்க. அப்போவே புறங்கையை டிரெய்லர் சக்கரத்தோட நடு ஹப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. ஒரு பக்கம் இளஞ்சூடு, இன்னொரு பக்கம் கையை வைக்க முடியலைன்னா, பேரிங் போகுது அல்லது பிரேக் பிடிச்சுக்கிட்டு நிற்குது. எங்களுக்கு ஒரு தடவை இடது ஹப்பை இப்படித்தான் கண்டுபிடிச்சோம்.

---

கோவைத்தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தட்டில் 1,855, கீழே 3,255. கழிச்சா 1,400. டோ பார் வரம்பு 75 கிலோ. சனிக்கிழமை இரண்டாவது டிரெய்லரைப் பார்க்கப் போறேன். பிரேக் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது?

---

பழைய ஸ்பேனர்:

கப்ளிங்கை ரெண்டு கையால உள்ளே தள்ளுங்க. கஷ்டப்பட்டு உள்ளே போய், மெதுவா தானே வெளியே வரணும். சட்டுனு உள்ளே போய் அங்கேயே நின்னா அந்த அசைவை மெதுவாக்கற டேம்பர் போச்சு. ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து முன்பக்கம் சுத்திப் பாருங்க, சுத்தக் கூடாது. கப்ளிங் பிரிஞ்சா பிரேக்கை இழுக்கற மெல்லிய எஃகுக் கம்பி அறுந்து தொங்காம இருக்கணும்.

டயரோட பக்கத்தில் நாலு எண் இருக்கும். 3216ன்னா 2016ஆம் வருஷம் 32ஆவது வாரம். டயரோட பூ தேயாம இருந்தாலும், நின்னே கிடந்த டயர் பக்கவாட்டில் விரிசல் விட்டிருக்கும். அப்படி இருந்தா ரெண்டு புது டயருக்கான காசை விலையில் கழிச்சுப் பேசுங்க. அகலத்தை மட்கார்டு வெளி விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும் அளங்க. விளம்பரத்தில் போடறது பல தடவை தளத்தோட அகலம்தான்.

இழுத்துட்டுப் போகும்போது மோட்டர்வேயில்கூட 60 மைலுக்கு மேல வேண்டாம், மூணு தடமோ அதுக்கு மேலேயோ உள்ள மோட்டர்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகவும் கூடாது.

---

கோவைத்தம்பி:

வாங்கிட்டேன். மட்கார்டோட அகலம் 1.96. டயர் 2014, அதனால விலை குறைச்சுக் கொடுத்தார். புது டயர் போட்டு நேத்து காரை ஏத்தி எடைமேடைக்குக் கொண்டுபோனேன்: 925. கொக்கி எடை தராசில் முதல் தடவை 38 காட்டிச்சு, காரை ஒரு ஜாண் முன்னே தள்ளினதும் 63. கட்டையை போல்ட் போட்டாச்சு.