சிஜே-3பி ஜீப்புக்கு குறைந்த செலவில் ஹேண்ட்பிரேக்: யோசனை தேவை

வணக்கம். வண்டி மஹிந்திரா சிஜே-3பி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) ஸ்பைசர் 18. அதன் பின்பக்க அவுட்புட்டில் (பின் ஷாஃப்ட் சேரும் இடம்) இருக்க வேண்டிய ஹேண்ட்பிரேக் டிரம், ஷூ, பேக் பிளேட், கேபிள் எதுவுமே இல்லை. பட்ஜெட் 6,000 ரூபாய்.

பழைய டிரம் செட் முழுசா எங்கே கிடைக்கும்? கிடைத்தால் அவுட்புட் ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றணும். கியர் ஆயில் லைனிங்கில் இறங்கினால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது.

கிடைக்காவிட்டால், பின் பினியன் ஃபிளாஞ்சில் (ஷாஃப்ட் பின் ஆக்சிலோடு சேரும் இடம்) டிஸ்க்கும் அதை இறுக்கிப் பிடிக்க கேபிளில் இயங்கும் காலிப்பரும் போடலாம். காலிப்பர் பிராக்கெட் ஆக்சிலோடு ஏறி இறங்கும், அதனால் கேபிளுக்குத் தளர்வு எவ்வளவு விடணும்? எந்த வண்டியின் காலிப்பர் பொருந்தும்?

ஹைட்ராலிக் லைன் லாக் (பிரேக் லைனில் பிரஷரைப் பூட்டி வைக்கும் வால்வு) மட்டும் சொல்லாதீங்க. ராத்திரி முழுக்க பிரஷர் நிற்காது.

ஒற்றைப் பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் ஷாஃப்டைப் பிடிக்கும் இந்த வகை பிரேக் வண்டியை நிறுத்தாது, சக்கரத்துக்குக் கட்டை வைக்கணும், அது தெரியும்.