கோவைப் பேராலயத்தில் பாடப் போகிறோம், முதல் தடவை: என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

கோபி_டெனர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஊர்க் கோயிலில், பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 24 பேர், அதில் ஒன்பது பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, அவ்வளவுதான் வாத்தியம். வருகிற டிசம்பர் இரண்டாவது ஞாயிறு காலைத் திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு, கோவை புனித மிக்கேல் அதிதூதர் பேராலயத்தில் வந்து பாட முடியுமா என்று எங்கள் ஃபாதர் மூலமாகக் கேட்டிருக்கிறார்கள். சொன்ன அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தூக்கமே இல்லை, எனக்கும்தான்.

எங்களுடையது ஓட்டுக்கூரைக் கோயில். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் வார்த்தை சுத்தமாகக் கேட்கும். அவ்வளவு உயரமான, பெரிய கோயிலில் பாடிப் பழக்கம் இல்லை. திருப்பலியில் பாடுகிற வானவர் கீதமான ‘உன்னதங்களிலே’யை நான்கு குரலில் மூன்று மாதமாகப் பழகிக்கொண்டு இருக்கிறோம், அதைத்தான் அங்கே பாட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. திருப்பலி முடிந்ததும் அரைமணி நேரம் கிறிஸ்மஸ் பாடல்கள் பாடி, ஆளுக்கு நூறு ரூபாய் டிக்கெட் வைத்துப் புது கீபோர்டுக்குச் சேர்க்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

முன்கூட்டியே யாரிடம் என்ன கேட்க வேண்டும், எங்கே நிற்பது, சத்தத்தை எப்படிச் சமாளிப்பது, போய்ப் பாடிய அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சாக்ரிஸ்டி_வாசல்

தம்பி, முதலில் மனசுக்குக் கஷ்டமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் நாள் இருக்கிறது என்பதால். டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, கிறிஸ்மஸுக்காகக் காத்திருக்கிற திருவருகைக் காலத்துக்குள் வரும். அந்தக் காலத்து ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ பாடுவது கிடையாது. வானதூதர்கள் பாடிய பாட்டு என்பதால் கிறிஸ்மஸ் இரவுவரைக்கும் அதை எடுத்து வைத்துவிடுகிறோம், அந்த இரவில் மணி அடித்துப் பாடும்போது அதற்குக் கிடைக்கிற மகிமையே வேறு. அதனால் நீங்கள் பழகியது வீண் இல்லை, உங்கள் ஊர் நள்ளிரவுத் திருப்பலிக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அல்லேலூயா உண்டு, அது தவக்காலத்தில்தான் நிற்கும். வாத்தியமும் இந்தக் காலத்தில் மிதமாக இருக்க வேண்டும் என்பதுதான் வழிபாட்டு ஒழுங்கு. கிறிஸ்து பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்னாடியே கொட்டிவிடக் கூடாது என்பது அதன் காரணம். பிறப்புப் பாடல்களைத் திருப்பலிக்குள் கொண்டுவர வேண்டாம், ‘வாரும் ஆண்டவரே’ என்று காத்திருக்கிற பாடல்களாகப் பாருங்கள்.

அப்புறம் டிக்கெட். அதை விட்டுவிடுங்கள். 1987 நவம்பரில் கோயில்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகள் பற்றி உரோமையின் திருவழிபாட்டுப் பேராயம் ஒரு கடிதம் அனுப்பியது. நுழைவு இலவசமாக, எல்லாருக்கும் திறந்ததாக இருக்க வேண்டும், பாடுகிறவர்கள் பீட முற்றத்தில் நிற்கக் கூடாது, மறைமாவட்டத் தலைவரான ஆயரின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும், முடிந்தால் நற்கருணையை (அர்ச்சித்த அப்பத்தை) பக்கச் சிற்றாலயத்துக்கோ வேறு பாதுகாப்பான, தகுந்த இடத்துக்கோ மாற்ற வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கீபோர்டுக்குப் பணம் சேர்க்க உங்கள் பங்கு மண்டபமே போதும்.

கோவை 1886இல் மறைமாவட்டமானது, அந்தப் பேராலயம்தான் அதற்குத் தாய்க்கோயில். பேராலயம் என்ற பெயர் கோயிலின் அளவைப் பார்த்து வந்தது அல்ல, ஆயரின் இருக்கை அங்கே இருப்பதால் வந்தது. அந்த இருக்கை பக்கம் ஸ்டாண்டையோ வயரையோ கொண்டுபோய் வைக்காதீர்கள். அன்றைக்குத் திருப்பலி வைப்பது ஆயரா பங்குத்தந்தையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆயர் என்றால் அவர் எந்தெந்த இடத்தைப் பாடுவார், மக்கள் பதிலை எந்த மெட்டில் பாடுவார்கள் என்று கேளுங்கள். முதல் வாசகத்துக்குப் பிறகு வரும் பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக மனசுக்குப் பிடித்த வேறொரு பாட்டு வைப்பதும், திருப்பலியின் நிலையான பாடல்களான ‘தூயவர்’, ‘உலகின் பாவம் போக்கும்’ இரண்டிலும் வார்த்தையை மாற்றிய பாட்டு வைப்பதும் நம்மூர்களில் சாதாரணமாக நடக்கிறது. பேராலயத்தில் வேண்டாம்.

இன்னொன்று, எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. புது மெட்டாகவே கொண்டுபோய் இறக்கினால் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். மக்களை முழுக்க ஒதுக்கிவிட்டுப் பாடகர்களே எல்லாவற்றையும் பாடுகிற வழக்கம் சரியல்ல என்று 1967இல் உரோமையிலிருந்து வந்த வழிபாட்டு இசை பற்றிய அறிவுரையே சொல்கிறது. வருகைப் பாடல், ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’, ‘தூயவர்’ மூன்றும் அந்தப் பங்கு மக்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே இருக்கட்டும்.

ஒன்றரைக்கட்டை

பெரியவர் சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. தெரிந்த மெட்டு வேண்டும் என்பது சரி. ஆனால் மூன்று மாதம் பழகிய பிள்ளைகளுக்கு அவர்கள் குரல் மட்டும் கேட்கிற ஒரு இடமாவது வேண்டும். காணிக்கை நேரத்திலோ, நற்கருணை வாங்கி எல்லாரும் உட்கார்ந்த பிறகோ நான்கு குரலில் ஒரு பாட்டு வைத்தால், கேட்பதும் ஜெபம்தான். அதையும் அங்கே முன்கூட்டிச் சொல்லிவிட்டு வையுங்கள்.

இனி சத்தம். திருப்பூரிலிருந்து பல கோயில்களுக்குக் கீபோர்டு தூக்கிக்கொண்டு போனவன் நான். உயரமான கோயிலுக்குள் போனவுடன் செய்கிற முதல் காரியம், நடுவில் நின்று பளிச்சென்று ஒரே ஒரு கைதட்டு. அது எவ்வளவு நேரம் அலைந்து அடங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு வினாடிக்கு மேல் என்றால் உங்கள் ஊர் வேகத்தில் பாடினால் சொல்லெல்லாம் குழைந்துவிடும். நம் மொழியில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். ‘இரக்கம்’ என்னும்போது க்-க் நடுவே ஒரு சின்ன அடைப்பு விழுகிறது அல்லவா, எதிரொலி அந்த இடைவெளியை நிரப்பிவிடும், கடைசி பெஞ்சில் ‘இரகம்’ என்றுதான் கேட்கும். அதனால் ‘க்க’, ‘ட்ட’, ‘த்த’ வருகிற இடங்களில் அடைப்பைக் கொஞ்சம் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ‘இரும்’, ‘வாரும்’ என்று முடிகிற இடத்தில் 24 பேரும் ஒரே நொடியில் உதட்டை மூட வேண்டும், ஒருவர் பிந்தினாலும் அந்த ‘ம்’ தனியாக மிதக்கும். இதற்கென்றே இரண்டு நாள் பயிற்சி வைத்தாலும் தகும். காலியான கோயிலில் கேட்டதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஜனம் நிறைந்ததும் அவர்கள் உடம்பும் துணியும் ஓசையை வாங்கிக்கொள்ளும், எதிரொலி குறையும்.

மாடத்திலா தரையிலா, எங்கே நிற்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். பின்பக்கம் என்றால் பீடத்திலிருந்து 30 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும், ஃபாதர் பாடுவது உங்களுக்கு வந்து சேரவே ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது, நீங்கள் பாடுவது அவருக்குப் போய்ச் சேர இன்னொரு பங்கு. காதை நம்பினால் இழுத்துக்கொண்டே போகும். குழுவில் ஒருவர் முன்னால் நின்று கை காட்டட்டும், எல்லார் கண்ணும் அந்தக் கையில் இருக்கட்டும்.

சுருதி. தபேலா ஒரே கட்டையில்தான், அதாவது ஒரே சுருதி அளவில்தான், கட்டியிருக்கும், ஒரு பாட்டு ஒன்றரைக் கட்டையிலும் அடுத்தது நாலு கட்டையிலும் போனால் கூட்டத்துக்கு ஏதோ உறுத்தும், ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. தபேலா வருகிற பாட்டுகளைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் வையுங்கள், அல்லது வலக்கையில் வாசிக்கிற தபேலாவை மட்டும் வேறு வேறு சுருதியில் இரண்டு எடுத்துப் போங்கள்.

ஒரு திருவிழாவில் எனக்கு நடந்தது. காணிக்கைப் பாட்டு நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கீபோர்டு அணைந்துவிட்டது. திரும்ப எரிந்ததும் நான் பழைய விரலிலேயே வாசித்தேன், சுருதியை மாற்றி வைக்கிற டிரான்ஸ்போஸ் சுழியத்துக்குப் போயிருந்தது கவனத்தில் இல்லை. குழு ஒரு சுருதியில், நான் ஒரு சுருதியில். ஆயர் வேறு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து, கரண்ட் போனால் கீபோர்டைத் தொடாமல் அந்தப் பாட்டைக் குரலிலேயே முடிப்பது என்று எங்கள் குழுவில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். வெறும் குரலில் முடிக்கிற பயிற்சியை இப்போதே கொடுங்கள்.

கால் இஞ்சு ஜாக் வயர் இரண்டு உங்களுடையதாகவே எடுத்துப் போங்கள். மைக் இரண்டு போதும். கோயில் ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் பேச்சுக்காகவே அமைத்திருப்பார்கள். ஆறு மைக் நீட்டினால் ஊளையிடும், அதில் நான்கு குரலும் தெரியாது.

ஈரோட்டு_ஆல்ட்டோ

நான் சிஎஸ்ஐ சபைப் பாடகர் குழு, எங்கள் ஆராதனை முறை வேறு, அதனால் திருப்பலி பற்றி நான் பேசவில்லை. வெளியூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடுவது எல்லாருக்கும் ஒன்றுதானே, அதைச் சொல்கிறேன்.

கோபியிலிருந்து அவிநாசி வழியாகக் கோவைக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வரும். காலைத் திருப்பலி என்றால் வேனில் விடியுமுன் கிளம்ப வேண்டும். தூங்கி எழுந்த குரல் உடனே திறக்காது, பெண் குரல்களுக்கு இன்னும் மோசம். பேராலயம் பெரியகடை வீதியில், டவுன்ஹால் பக்கம், கடைவீதி நடுவில் இருக்கிறது. வேன் எங்கே நிற்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டு டிரைவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இறங்கி நடக்கும்போதே வாயை மூடி ஹம்மிங் செய்துகொண்டு வரச் சொல்லலாம். உள்ளே போய் ஆ, ஊ என்று குரல் பழக வேண்டாம், முந்தின திருப்பலி நடந்துகொண்டிருக்கும், இல்லாவிட்டாலும் யாராவது முழங்காலில் இருப்பார்கள்.

முடிந்தால் சனிக்கிழமை சாயங்காலமே போய், அங்கேயே ஒரு மணி நேரம் பாடிப் பாருங்கள். காசு கொஞ்சம் கூட ஆகும், ஆனால் அந்த ஒரு மணி நேரம் ஊரில் பாடுகிற பத்து நாள் பயிற்சிக்குச் சமம்.

சாப்பாடு: பாடுகிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, வெந்நீர். தயிரும் எண்ணெய்ப் பலகாரமும் முடிந்த பிறகு. உங்கள் ஆட்கள் நற்கருணை வாங்குகிறவர்கள் என்றால் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று எங்கள் தெருக் கத்தோலிக்க அக்கா சொல்வார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஃபிளாஸ்க்கில் பனங்கற்கண்டு போட்டு வைத்தால் பிள்ளைகள் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

பாட்டுத் தாள்களை உதிரியாக விடாதீர்கள். ஒருமுறை ஃபேன் காற்றில் எங்கள் சோப்ரானோவின் இரண்டாம் பக்கம் பறந்து போதகர் காலடியில் விழுந்தது. அந்தப் பிள்ளை அன்றைக்கு முழுக்க அழுதாள். கெட்டி அட்டை ஃபைல், பாட்டு வரிசைப்படி, ஒவ்வொருவருக்கும் ஒன்று.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரியதாகப் படுவது, அங்கே ஏற்கெனவே ஒரு பாடகர் குழு இருக்கிறது. வாராவாரம் அந்த இடத்தில் நிற்கிறவர்கள் அன்றைக்கு உங்களுக்காக விலகி நிற்கிறார்கள். அவர்கள் தலைவரிடம் ஒரு போன் போட்டு, அண்ணா, அக்கா, பல்லவிக்கு எங்களோடு நிற்பீர்களா என்று கேளுங்கள். எங்கள் சபைக்கு ஒரு குழு வந்து எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் பாடிவிட்டுப் போனது, நல்லாத்தான் பாடினார்கள், ஆனால் அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

கோபி_டெனர்

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லைங்க. ‘உன்னதங்களிலே’ விஷயத்தை நேற்று ராத்திரி பயிற்சியில் சொன்னேன். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது, நள்ளிரவுத் திருப்பலிக்கு என்றதும் சரியாகிவிட்டார்கள். டிக்கெட் யோசனையை விட்டாச்சு. ‘இரக்கம்’ என்று பாடச் சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன், எங்கள் சின்னக் கோயிலிலேயே ‘இரகம்’ என்றுதான் வந்தது, இத்தனை வருஷம் என் காதில் விழவே இல்லை. பேராலயக் குழுவின் தலைவருக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஃபாதர் பிரசங்கம் செய்கிற மறையுரை நேரத்தில் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? அப்புறம், இது நல்லபடியாக முடிந்தால் மே மாதம் ஊட்டி திரு இருதயப் பேராலயத்துக்கும் கூட்டிப் போகலாமா என்று ஃபாதர் கேட்கிறார்.

குன்னூர்_வீடு

ஊட்டிக்கு நான் சொல்கிறேன் அண்ணா. மே மாதம் என்றால் முதலில் வேனுக்கு இ-பாஸ். 2024 மே முதல் நீதிமன்ற உத்தரவுப்படி வெளி மாவட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம், சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கும் வைக்கிறார்கள், கடைசி நேரத்தில் தேடாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் நீலகிரிக்குள் கொண்டுவரக் கூடாது, ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில்.

ஊர் 2,200 மீட்டருக்கு மேல். மூச்சு நீளம் கொஞ்சம் குறைவதை முதல் பாட்டிலேயே உணர்வீர்கள், நீண்ட வரிகளில் எங்கே மூச்சு எடுப்பது என்று கூடுதலாக ஒரு இடம் குறித்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் தபேலாத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், அரைமணி நேரம் முன்னாடியே உறையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, அந்தக் குளிர் பழகின பிறகு சுருதி சேர்க்கச் சுத்தியல் எடுங்கள். மலைப்பாதையில் பிள்ளைகளுக்கு வயிறு புரட்டும், பாடுகிற அன்றைக்கே ஏறாமல் முந்தின நாளே வந்து தூங்கி எழுந்தால் நல்லது.

சாக்ரிஸ்டி_வாசல்

மறையுரைக்குப் பிள்ளைகளைப் பாடகர் இடத்திலேயே உட்கார வையுங்கள் தம்பி, நாற்காலி எத்தனை வேண்டும் என்று கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் சனிக்கிழமையே சொன்னால் போட்டு வைப்பார். இரண்டு பெரியவர்களுக்கு நடுவே மூன்று பிள்ளைகள் என்ற கணக்கில் உட்காரட்டும். மறையுரை முடிந்ததும் சற்று மௌனம் இருக்கும், பிறகு விசுவாச அறிக்கைக்கு எல்லாரும் எழுவார்கள். அந்த மௌனத்தில் தாள் புரட்டுகிற சத்தம்தான் கோயில் முழுக்கக் கேட்கும். மன்றாட்டுகள் முடியும்வரை காணிக்கைப் பாட்டுப் பக்கத்தைத் தேட வேண்டாம், மறையுரை தொடங்கும் முன்னாலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.