கமிட்டியில் உட்காரும்போது நாம் யாருடைய ஆள்?

எங்கள் தொழில்முறைச் சங்கத்தின் தொழில்நுட்பக் கமிட்டியில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, அலுவலக வேலை போக மிச்ச நேரத்தில் செய்வதுதான். அங்கே பார்த்த சிலரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். கமிட்டிக்கு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் எங்கள் செயலாளர். ஒரு தரநிலையின், அதாவது ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணத்தின், வரைவைச் சுற்றுக்கு விட்டு, வந்த கருத்துகளை எல்லாம் அட்டவணையாக்கிக் கொண்டுவந்திருந்தார். எந்தப் பிரிவு, யார் சொன்னது, என்ன மாற்றம் கேட்கிறார்கள், கடைசிக் கட்டத்தில் கமிட்டியின் முடிவு. கூட்டம் இழுத்துக்கொண்டே போய், எல்லோருக்கும் கிளம்பும் அவசரம். சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அனுப்பிய கருத்து வந்தபோது தலைவர், "நோட் பண்ணிக்கிட்டோம்னு போட்டுடுங்க மேடம்" என்றார். செயலாளர் எழுதவில்லை. "ஏத்துக்கிறோமா, மறுக்கிறோமா சார்? மறுத்தா காரணம் போடணும். அவர் அதைப் படிப்பார்" என்றார்.

சரி என்று மறுபடி வாசித்தோம். வரைவில் சொன்ன சோதனைக்கு வேண்டிய கருவி பெரிய நிறுவனங்களிடம்தான் இருக்கும், அதே முடிவைத் தரும் எளிய முறை ஒன்றையும் அனுமதிக்கலாமே என்று அந்தப் பட்டறைக்காரர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அறையில் இருந்த ஒவ்வொருவரின் நிறுவனத்திலும் அந்தக் கருவி உண்டு, அதனால்தான் அதுவரை யாருக்கும் அது உறைக்கவில்லை. அரை மணி நேரம் பேசி மாற்று முறையைச் சேர்த்தோம். கூட்டத்துக்கு வரவே வாய்ப்பில்லாத ஒருவருக்காக அந்த அம்மா அன்று விடாமல் நின்றதை நான் பெரிதாக மதிக்கிறேன். காரணம் எழுதுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் தரநிலைகளுக்கான வாக்கெடுப்பில்கூட, தொழில்நுட்பக் காரணம் சொல்லாத எதிர் ஓட்டு கணக்கில் சேராது.

அடுத்தவர் ஒரு மூத்த உறுப்பினர். அஜெண்டாவில் அவருடைய நிறுவனத்தின் பொருளைத் தொடும் விஷயம் வந்தால், யாரும் கேட்பதற்கு முன்பே, "இதில் எங்கள் கம்பெனிக்கு ஆதாயம் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள்" என்பார். தொழில்நுட்பக் கேள்வி இருந்தால் பதில் சொல்லிவிட்டு, ஓட்டெடுப்புக்கு முன் வெளியே போய்விடுவார். புதிதாக வந்த ஓர் இளைஞர், "இவ்வளவு கறாரா இருக்கணுமா சார்?" என்று கேட்டபோது அவர் சொன்ன வழக்கு இது.

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் கொதிகலன்களுக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பை வெளியிடுகிறது. கொதிகலனில் நீர்மட்டம் அபாய அளவுக்குக் கீழே போனால் எரிபொருளைத் தானாக நிறுத்தும் கருவி அதில் வருகிறது. ஹைட்ரோலெவல் என்ற சிறிய நிறுவனம் சற்றுத் தாமதித்து நிறுத்தும் வகைக் கருவியைக் கொண்டுவந்தது. 1971இல், அப்படித் தாமதிப்பது விதிக்குப் பொருந்துமா என்று போட்டி நிறுவனம் சங்கத்துக்குக் கடிதம் எழுதியது. விதியைக் கவனிக்கும் துணைக்குழுவின் துணைத் தலைவர் அந்தப் போட்டி நிறுவனத்தின் உயர் அதிகாரி. கடிதத்தைத் தயாரித்ததில் அவருக்கும் பங்கு உண்டு, துணைக்குழுத் தலைவருக்கும் பங்கு உண்டு. பதிலைத் தயாரித்தவரும் அதே தலைவர்தான். துணைக்குழு முழுவதும் கூடிப் பேசவில்லை. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் பதில் போனது. போட்டி நிறுவனத்தின் விற்பனையாளர்கள் அதைக் காட்டியே வாடிக்கையாளர்களைத் திருப்பினார்கள். ஹைட்ரோலெவல் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பானது. அந்த இருவரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தானே என்ற வாதம் எடுபடவில்லை. வெளியில் இருப்பவர் கண்ணுக்கு அவர்கள் பேசியது சங்கத்தின் பேச்சு.

இதைக் கேட்ட பிறகு, சங்கத்தின் பெயரில் வரும் எந்தக் கேள்விக்கும் நான் தனியாகப் பதில் போடுவதில்லை. செயலாளருக்கு அனுப்பிவிடுவேன். இரண்டு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.

அப்புறம், தேநீர் இடைவேளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே தொழிலில் போட்டி போடுபவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறோம். ஒருமுறை ஒருவர் சாதாரணமாக, "அடுத்த காலாண்டில் நீங்கள் எல்லாம் விலை ஏற்றுகிறீர்களா?" என்று ஆரம்பித்தார். தலைவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அது இங்கே பேசக் கூடாத விஷயம். இப்படி ஒரு பேச்சு வந்தது, நிறுத்தப்பட்டது என்று மினிட்ஸில் எழுதுங்கள் மேடம்" என்றார். கேட்டவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் விலையைச் சேர்ந்து பேசி வைப்பதைப் போட்டிச் சட்டம் தடை செய்கிறது, இடைவேளையில் பேசினாலும் அதேதான். தலைவர் செய்ததே சரி.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கூட்டத்துக்குப் போக நேரம் தருவதும் பயணச் செலவைத் தருவதும் நம்மை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம். அது விரும்பாத ஒரு தீர்மானம் தொழிலுக்கு நல்லது என்று மனதாரப் பட்டு, அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். திரும்பிப் போய் மேலாளரிடம் அதை எப்படி எடுத்துச் சொன்னீர்கள்? அடுத்த கூட்டத்துக்கு அனுப்பினார்களா?