முடியோரத்தில் படிந்த பச்சைச் சாயலை நீக்குவது எப்படி?

கேள்வி:
பச்சைத் திரைக்கு முன் நிற்கவைத்து எடுத்த என் தங்கையின் படத்தில், கிம்ப் 2.10 என்ற படத்திருத்த மென்பொருளைக் கொண்டு பின்னணியை முழுவதுமாக வெட்டிவிட்டேன். ஆனால் வேறு பின்னணியில் பொருத்திப் பார்த்தால் முடியோரத்திலும் தாடையின் அடியிலும் மெல்லிய பச்சை தெரிகிறது. ஓரத்தை இரண்டு பிக்சல் உள்ளே சுருக்கியபோது, பச்சை குறைவதற்குள் முடியிழைகளே காணாமல் போய்விட்டன. அவள் உடுத்தியிருப்பது மஞ்சள் புடவை. வழி தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
'ஹியூ-சாச்சுரேஷன்' பகுதியில் பச்சையை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் செறிவைக் குறைத்துவிடுங்கள். எனக்குப் பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்ன வழி அவசரத்துக்கு உதவும். ஆனால் முடியோரம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். உங்கள் படத்தில் இருப்பது வெட்டும்போது விடுபட்ட பின்னணி மட்டும் அன்று; திரையில் பட்டுத் திரும்பிய ஒளி உடல்மீதே விழுந்திருப்பதால், எவ்வளவு வெட்டினாலும் அது போகாது. ஒவ்வொரு பிக்சலிலும் பச்சையின் அளவு, சிவப்பு, நீலம் இரண்டின் சராசரியைத் தாண்டாமல் கட்டுப்படுத்த வேண்டும்.

லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து, மேலுள்ள நகலில் 'கலர்ஸ்' மெனுவின் 'காம்போனென்ட்ஸ்' பகுதியிலுள்ள 'சேனல் மிக்சரை'த் திறந்து, பச்சைச் சேனலுக்கு (பச்சையின் அளவைத் தாங்கும் பகுதிக்கு) சிவப்பு 0.5, பச்சை 0, நீலம் 0.5 என்று கொடுங்கள். பிறகு அந்த நகலின் மோடை (கீழுள்ள லேயரோடு கலக்கும் முறையை) 'டார்க்கன் ஒன்லி' என மாற்றினால், இரண்டு லேயர்களிலும் குறைந்த அளவே தெரியும் என்பதால், பச்சை மிகுந்த பிக்சல்கள் மட்டுமே மாறும். 0 முதல் 255 வரையான அளவில் சிவப்பு 60, பச்சை 90, நீலம் 50 உள்ள முடியிழையில் பச்சை ஏறக்குறைய 55 ஆக இறங்கும். 200, 150, 120 உள்ள தோலில் பச்சை ஏற்கெனவே சராசரிக்குக் கீழே இருப்பதால் அது அப்படியே இருக்கும். ஃபோட்டோஷாப்பில் 'சேனல் மிக்சர்' அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் 50, 0, 50 கொடுத்து, 'டார்க்கன்' மோடில் வைத்தாலும் இதே பலன்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. முடியோரம் தூய்மையாகிவிட்டது, ஆனால் மஞ்சள் புடவை காவிப் புடவையாகிவிட்டது!

மறுமொழி 2:
புடவையைப் பற்றி நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தும் எச்சரிக்காதது என் தவறு. திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்த நிறம். நீலம் அதில் மிகக் குறைவாக இருப்பதால் சராசரி தாழ்ந்து, புடவைக்கே உரிய பச்சையும் வெட்டுப்படுகிறது. மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் (வெள்ளை தீட்டிய இடத்தில் மட்டும் லேயரைக் காட்டும் மறைப்பு) சேர்த்து, முடி, தாடை ஆகிய இடங்களில் மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் தீட்டுங்கள். புடவையின் ஓரத்தில் பச்சை எஞ்சியிருந்தால், வெளிச்சத்தை விட்டு நிறத்தை மட்டும் மாற்றும் 'எச்எஸ்எல் கலர்' மோடில் ஒரு புதிய லேயர் வைத்து, புடவையிலிருந்தே எடுத்த மஞ்சளை அங்கே மெல்லத் தடவலாம். ஒளிர்வில் பச்சைக்கே பெரும்பங்கு என்பதால், அதைக் குறைத்த ஓரங்கள் சற்று இருளும். கருங்கூந்தலுக்கு அதனால் குறையில்லை, தாடையடியில் மட்டும் 'கர்வ்ஸ்' கொண்டு சிறிது வெளிச்சம் ஏற்றுங்கள்.

மறுமொழி 1:
இந்தச் 'சேனல் மிக்சர்' முறை எனக்கும் புதிது. அடுத்த முறை தங்கையைத் திரையிலிருந்து ஆறேழு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இந்த வேலையில் பாதி குறையும்.