கோடியக்கரைக் காட்டில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாமா?

வடவாற்றங்கரை (மன்னார்குடி):
போன ஆகஸ்டில் கொலராடோவில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒயிட் ரிவர் தேசிய வனத்துக்குள் ரெண்டு ராத்திரி தங்கக் கூட்டிப்போனார். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, குழாயோ கழிப்பறையோ எதுவும் கிடையாது. மண்சாலையை ஒட்டி, முன்பே யாரோ தங்கித் தரை இறுகிப்போன இடமாகப் பார்த்துக் கூடாரம் அடித்தோம். ஓடையிலிருந்து 200 அடி தள்ளித்தான் அடிக்க வேண்டும் என்று மச்சான் காலடியை எண்ணிக்கொண்டே நடந்தார். காலைக்கடனுக்குக் கையகல மண்வெட்டி. ஆறு முதல் எட்டு அங்குலக் குழி, பிறகு மூடிவிட வேண்டும். குப்பை முழுவதும் எங்கள் காரிலேயே திரும்பியது. பொதுவாக ஒரே இடத்தில் 14 நாள் வரை தங்க விடுவார்களாம்.

ஊருக்கு வந்த பிறகும் என் மகள் மொட்டைமாடியில் பாயை விரித்துக்கொண்டு "காட்டுக்கு எப்போப்பா?" என்கிறாள். பொங்கல் விடுமுறையில் கோடியக்கரையிலோ முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலோ இதே மாதிரி ஒரு ராத்திரி தங்க முடியுமா? நாங்கள் ஐந்து பேர். கூடாரம் கையில் இருக்கிறது.

கொள்ளிடக்கரை:
காடு எதற்கு? கொள்ளிடத்து மணல் திட்டுக்கு வாருங்கள். மெத்தை மாதிரி மணல், கேட்க ஆளில்லை.

கோடியக்காட்டுக்காரன்:
வடவாற்றங்கரைத் தம்பி, காட்டுக்குள் தங்க முடியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். பகலில் சீட்டு வாங்கிப் போகலாம், சாயங்காலம் வெளியே வந்துவிட வேண்டும்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் போய்வந்த வனம் 23 லட்சம் ஏக்கர். 1967-இல் வெளிமானுக்காக இந்தச் சரணாலயத்தை அறிவித்தபோது 17 சதுர கிலோமீட்டர் சொச்சம், அதாவது நாலாயிரத்துச் சில்லறை ஏக்கர். அங்கே ஒரு குடும்பம் ஒதுங்கினால் காட்டுக்குத் தெரியாது. இங்கே பத்துக் குடும்பம் ராத்திரி விளக்கைப் போட்டால் மானுக்கு ஒதுங்க இடம் ஏது?

கடற்கரையில் படுக்கலாமே என்று நினைப்பீர்கள். தையில் அது இன்னும் மோசம். பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம் அது. நான் பார்த்திருக்கிறேன்: அலை ஓரத்தில் கறுப்பாகச் சட்டி கவிழ்த்த மாதிரி ஒன்று நிற்கும். நாலு அடி நகரும், பெருமூச்சு விடும், மறுபடி நகரும். நாங்கள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் யாரோ டார்ச் அடித்தார்கள். அவ்வளவுதான், அப்படியே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. அத்தனை முட்டையைச் சுமந்துகொண்டு வந்த பிராணி. இன்று நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

முத்துப்பேட்டைக்கும் வனத்துறை அனுமதியோடு பகலில் படகில் போய்வாருங்கள். அங்கே கூடாரம் அடிக்கத் தரையே கிடையாது. சேற்றில் அலையாத்தியின் மூச்சுவேர் பென்சில் நட்டுவைத்த மாதிரி குத்திக்கொண்டு நிற்கும், ஏற்றத்தில் தண்ணீர் மேலே வந்துவிடும். தில்லை மரமும் உண்டு. கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கொள்ளிடக்கரைத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். கொள்ளிடம் வெள்ள வடிகால். மேட்டூர் நிரம்பினால் முக்கொம்பிலிருந்து தண்ணீரை அதில்தான் திருப்புவார்கள். ராத்திரி திட்டில் தூங்குகிறவனுக்கு யார் வந்து சொல்வார்கள்? 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகளே அடித்துக்கொண்டு போனதை நாம் பார்த்தோம்.

வடவாற்றங்கரை:
ஆமை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நல்லவேளை கேட்டேன். அப்படியென்றால் தங்குவதற்கு வழியே இல்லையா அண்ணே?

கோடியக்காட்டுக்காரன்:
இருக்கிறது. வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்கூட்டியே நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேளுங்கள். கூடாரம்தான் வேண்டும் என்று பாப்பா அடம்பிடித்தால், தெரிந்தவர் தோப்பில் சொல்லிவிட்டுப் போடுங்கள். கஜா புயலுக்குப் பிறகு நட்ட இளந்தோப்பானாலும் காய் பிடித்த மரத்துக்கு நேர்கீழே வேண்டாம். மட்டை விழுந்தாலே மண்டை உடையும். காய்ந்த ஓலை கிடக்கிற இடத்தில் அடுப்பும் மூட்டாதீர்கள்.

முக்கியமானது கட்டுவிரியன். எங்கள் சித்தப்பா அறுப்பு முடிந்து களத்தில் நெல்லுக்குக் காவல் படுத்திருந்தார், வெறும் கோரைப்பாயில். விடிகாலை வயிற்றை வலிக்கிறது என்று எழுந்தார். கடிபட்ட இடமே தெரியவில்லை, வலியும் இல்லை. சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. விஷமுறிவு ஊசி இருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர்ந்ததால் பிழைத்தார். கஷாயம் காய்ச்சிய அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதனால் அடித்துணி சேர்த்துத் தைத்த கூடாரமாக இருக்கட்டும். ஜிப்பை ஒரு விரல்கூடத் திறந்துவைக்காதீர்கள். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் இறங்க வேண்டாம். செருப்பை உதறிப் போடுங்கள். சந்தேகம் என்றால் கட்டுப் போடுவது, கீறுவது ஒன்றும் வேண்டாம், உடனே 108.

கொள்ளிடக்கரை:
அண்ணே சொன்னது சரிதான். நான் போனதெல்லாம் மாசி, பங்குனியில், ஆறு வறண்டு கிடக்கும்போது. அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

வடவாற்றங்கரை:
வேதாரண்யத்தில் பெரியம்மா வீட்டுத் தோப்பு இருக்கிறது, இன்றே பேசுகிறேன். காலையில் சரணாலயத்துக்கு எப்போது போனால் மான் பார்க்கலாம்?

கோடியக்காட்டுக்காரன்:
வாசல் திறக்கும்போதே நில்லுங்கள். வெயில் ஏறுவதற்குள் புல்வெளியில் மேயும். கறுத்த ஆண்மானைப் பார்த்தால் வண்டியை விட்டு இறங்காமல் அப்படியே இருங்கள், அதுவும் நின்று உங்களைப் பார்க்கும். குடிக்கத் தண்ணீர் மன்னார்குடியிலிருந்தே பிடித்துக்கொண்டு வாருங்கள், எங்கள் பக்கம் உப்பு.