புதுப்பிப்பு: மார்சேய் பழைய துறைமுகத்தை நடந்தே பார்த்துவிட்டேன்

பிரான்சின் தென்கடற்கரை நகரமான மார்சேயில் கையில் ஒரே ஒரு நாள்தான், பழைய துறைமுகத்தை நடந்து பார்க்க அது போதுமா என்று போன வாரம் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தேன். காலை எட்டு மணிக்கே போய்விடு, மீன் சந்தையைத் தவறவிடாதே என்று சொன்னவர்களுக்கு முதலில் நன்றி.

போனேன். படகுத்துறை ஓரமாகவே நீல நிறத் தட்டுகளை வைத்து விற்கிறார்கள். சில மீன்கள் இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தன. சிவப்பாக, தலையெல்லாம் முள்ளாக ஒரு மீன், பெயர் ராஸ்காஸ். இந்த ஊரின் புகழ்பெற்ற பூயபேஸ் குழம்புக்கு அது கட்டாயம் வேண்டுமாம். பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் 2013-இல் அமைத்த, கண்ணாடி மாதிரி பளபளக்கும் எஃகுப் பந்தல் இருக்கிறது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் நாமும் கூட்டமும் தலைகீழாகத் தெரிகிறோம், குழந்தைகள் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்கிறார்கள்.

அப்புறம் வடகரை வழியாக நடந்து செயின்ட் ழான் கோட்டைக்குப் போனேன். வெளிப்பகுதிகளைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. கோட்டையிலிருந்து கடல்நீருக்கு மேலே ஒரு ஒடுங்கிய நடைபாலம், மறுமுனையில் முசெம் அருங்காட்சியகம். அதைச் சுற்றியிருக்கும் கான்கிரீட் பின்னல் மீன்வலை மாதிரியே இருக்கிறது, உள்ளே நடக்கும்போது அதன் நிழல் கையில் விழுகிறது. சுமார் 2,600 வருடங்களுக்கு முன்னால் கிரேக்கர்கள் கப்பலில் வந்து இறங்கிய துறைமுகம் இது என்பதை அந்தப் பாலத்தில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

மிஸ்ட்ரால் என்று இங்கே சொல்லும் பலத்த வடக்குக் காற்று வீசினால் பாலத்தில் நிற்பது கஷ்டம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கால் வலித்தால் நகர மன்றத்துக்கு எதிரே சின்னப் படகு இருக்கிறது, அக்கரையில் இறக்கிவிடும்.